தெருவுக்கு வேனில் வந்து விற்றவர்களிடம் அம்மா ஏமாந்துவிட்டார். புகார் கொடுக்கலாமா? இனி எப்படித் தடுப்பது?

குடமுருட்டிக் கரை எழுதியது:

வணக்கம். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவே ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய வாரத்தில்தான் இது நடந்தது.

காலையில் மைக் கட்டிய ஒரு வேன் பிள்ளையார் கோயில் முன்னால் வந்து நின்றிருக்கிறது. "கம்பெனி புதுசா ஆரம்பிக்கிறோம், டிவி விளம்பரத்துக்குக் கொடுக்கிற காசை மக்களுக்கே கொடுக்கிறோம்" என்று பேசியிருக்கிறார்கள். முதலில் பத்து ரூபாய் கேட்டார்கள். கொடுத்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கிடைத்தது, பத்து ரூபாயும் திரும்பக் கிடைத்தது. அடுத்து நூறு ரூபாய். ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுத்து, நூறையும் திருப்பிக் கொடுத்தார்கள். வேடிக்கை பார்த்து நின்றவர்கள் 'கொடுக்காமல் விட்டோமே' என்று வருத்தப்பட்டார்களாம்.

மூன்றாவது சுற்றில் 2,500 ரூபாய். மிக்ஸியும் குக்கரும் இருக்கும் என்று ஒட்டிய அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு டோக்கனும் கொடுத்திருக்கிறார்கள். "மூணு மணிக்கு மேனேஜர் வருவார். சீல் உடையாத பெட்டியும் டோக்கனும் காட்டினால் பணமும் திரும்ப வரும், பெட்டியைப் பிரித்தால் சலுகை கிடையாது" என்று சொல்லிவிட்டு வேன் போய்விட்டது. அதனால் மூன்று மணிவரை யாரும் பெட்டியைத் தொடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிரித்துப் பார்த்தால், தகரம் மாதிரி மெலிசான ஒரு குக்கர். மிக்ஸியை பிளக்கில் சொருகியதும் புகை வந்திருக்கிறது. அம்மா இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறார். ஒன்று எனக்காம்.

பணம் போனது ஒருபக்கம். அண்ணன் போனில் கத்தியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, வாசலுக்கு வருவதில்லை. கூடையில் மீன் கொண்டுவரும் ஆயாவைக்கூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். புகார் கொடுத்தால் பயன் உண்டா? இனி எதைப் பார்த்து வாங்கச் சொல்வது? எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆளாக அம்மா மாறிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

---

தெற்கு வீதி எழுதியது:

சகோதரி, இதற்கெல்லாம் புகார் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. வண்டி நம்பரே போலியாக இருக்கும். இலவசம் என்று யார் சொன்னாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். ஆசைப்பட்டால்தான் ஏமாற முடியும். அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

---

உரைகல் எழுதியது:

தெற்கு வீதி நண்பர் சொன்ன இரண்டையுமே நான் ஏற்கவில்லை. கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏமாந்து வந்தவர்கள் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் ஒரு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்காரர்கள்.

சகோதரி, உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கவில்லை. பத்து ரூபாய் திரும்பி வந்ததைத் தன் கண்ணால் பார்த்தார். நூறு ரூபாய் திரும்பி வந்ததையும் பார்த்தார். சொன்ன சொல்லை இரண்டு தடவை காப்பாற்றியவனை மூன்றாவது தடவை நம்பினார். வயலுக்கு ஆள் வைக்கும்போதும், பால் ஊற்றுகிறவரிடமும் நாம் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான் அவன் டப்பாவையும் தூக்கையும் செலவழித்தான். இதை முதலில் உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள். வீட்டில் திட்டு வாங்கியவர்கள் அடுத்த தடவை ஏமாந்தால் வெளியே சொல்லவே மாட்டார்கள், மோசடிக்காரனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

என் மேஜைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். கொள்ளிடக் கரைப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி. முந்தானையில் முடிந்திருந்த மாலையை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். குண்டுமணி குண்டுமணியாகக் கோத்த மாலை, அடகு வைக்க வேண்டும் என்றார்கள். கையில் வாங்கியதுமே மனசு திக்கென்றது. அந்தப் பருமனுக்குத் தங்கம் என்றால் கை இறங்க வேண்டும். தண்ணீரைவிடத் தங்கம் 19 மடங்குக்கு மேல் கனம், பித்தளை எட்டரை மடங்கு அளவில்தான். உரைகல்லில் ஒரு மணியை இழுத்தேன், மஞ்சள் கோடு விழுந்தது. அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு வைத்தேன். கோடு பச்சையாக நுரைத்து, கல்லில் இடம் தெரியாமல் போய்விட்டது.

"ஆசாரி பார்த்து நல்ல தங்கம்னு சொன்னாரே சார்" என்றார் கணவர். ஆசாரி பொய் சொல்லவில்லை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பானையில் கிடைத்தது என்று சொல்லி வந்தவர்கள், மாலையிலிருந்து பிய்த்த மாதிரிக் காட்டி இரண்டு மணிகளைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டும் அசல் தங்கம். ஆசாரி உரைத்தது அந்த இரண்டை. இவர்கள் காசு கொடுத்து வாங்கியது மிச்சத்தை.

நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில் முக்கால்வாசி மோசடி இந்த ஒரே ஏற்பாடுதான். சோதித்துப் பார்த்த பொருள் ஒன்று, வாங்கிய பொருள் வேறொன்று. எதைச் சோதிப்பது, எப்போது சோதிப்பது என்பதை விற்கிறவனே முடிவு செய்திருப்பான். உங்கள் ஊரிலும் பாருங்கள். பிரித்துப் பார்க்கக் கிடைத்தது பத்து ரூபாய் டப்பா. 2,500 ரூபாய்ப் பெட்டிக்கு சீல். அந்த சீல் எதற்கு? வேன் பத்து ஊர் தாண்டும்வரை பெட்டி திறக்கப்படாமல் இருப்பதற்கு.

ஆகவே அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். காசு கைமாறுவதற்கு முன்னால், வாங்கப் போகிற அதே பொருளை, நாம் சொல்கிற இடத்தில், நாம் சொல்கிற நேரத்தில் பார்க்க விடுகிறானா? "நாளைக்கு என் பெண் வரட்டும், காட்டிவிட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மாலை விற்றவர்களிடம் அந்த அம்மா "நடுவில் இருக்கிற மணியை நான் எடுத்துக்கிறேன், காலையில் வாங்க" என்று சொல்லியிருந்தால் அவர்கள் அன்றே கிளம்பியிருப்பார்கள்.

நகை பாலிஷ் போட வருகிறவர்களும் இதே வகைதான். முதலில் குத்துவிளக்கைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவார்கள், அப்புறம் வெள்ளிக் கொலுசு. பிறகுதான் தங்க வளையல் அவர்கள் கிண்ணத்துக்குள் போகும். அந்தக் கிண்ணத்தில் ராஜ திராவகம் இருந்தால், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் கலந்தது, தங்கமே கரைந்து அதில் இறங்கும். வளையல் வடிவம் மாறாமல் திரும்பி வரும், நிறுத்தால்தான் குறைவு தெரியும். சில பேர் மஞ்சள் தூள் போட்டு டப்பாவில் மூடிக் கொடுத்து, "கால் மணி நேரம் திறக்காதீங்க" என்பார்கள். உள்ளே வளையலே இருக்காது. இங்கேயும் 'திறக்காதே' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் பிடுங்குவதும் நம் பக்கம் நடக்கிறது. இரிடியம் உண்மையான உலோகம்தான், வண்டியின் ஸ்பார்க் பிளக் முனையில்கூட வைக்கிறார்கள். அரிசியை இழுக்கிற குணம் அதற்குக் கிடையாது. அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, பாத்திரத்தில் காந்தத்தை ஒளித்து வைத்தால் யார் வீட்டுச் செம்பும் இழுக்கும். அங்கேயும் அரிசியைக் கொண்டுவருகிறவன் விற்கிறவன்தான்.

குக்கர் விஷயம். அதை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். சேஃப்டி வால்வு சரியில்லாத குக்கர் வெடித்தால் முகம் போய்விடும். வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347 என்று இருக்க வேண்டும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வரும். வெறும் முத்திரைப் படத்தை மட்டும் அச்சடித்திருந்தால் மதிக்காதீர்கள். தங்க நகைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க்கோடு எச்.யு.ஐ.டி. எண் வேண்டும் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பொறிக்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம்), அதையும் அதே செயலியில் பார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்ததற்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. குண்டுமணி விற்கிறவர்களுக்கு இது வசதியாகிவிடுகிறது.

புகார் கட்டாயம் கொடுங்கள். உங்கள் ஊர் இருக்கும் இடத்தைக் கவனித்தீர்களா? பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டம், வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். காலையில் ஒரு மாவட்டத்தில் வசூல் பண்ணிவிட்டு மத்தியானம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டால், 'எங்கள் எல்லை இல்லை' என்று அலைக்கழிப்பார்கள் என்பதுதான் இவர்களுடைய தைரியம். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எல்லை எதுவாக இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதியலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆவது பிரிவில் வருகிறது, ஏமாற்றிப் பணத்தைப் பறித்தால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. தனித்தனியாகப் போகாமல், தெருவில் வாங்கிய எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். பெட்டி, டோக்கன், அந்த பத்து ரூபாய் டப்பா வரைக்கும் எதையும் தூக்கிப் போட வேண்டாம். மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க், மருந்துக் கடை கேமராக்களில் பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்றைக்கே கேளுங்கள்.

யாராவது செல்போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பியிருந்தால் அவர்தான் உங்களுக்கு முக்கியமான ஆள். அந்தப் பணம் ஒரு வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது. அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே பேசட்டும்.

---

ஜமுக்காளத்து மூட்டை எழுதியது:

அக்கா, நான் மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டி சுற்றி வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு போர்வை, பெட்ஷீட், ஜமுக்காளம் விற்கிறவன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். நீங்கள் சொன்ன மாதிரி ஒரு வேன் ஒரு ஊருக்குள் வந்து போனால், ரெண்டு மூணு மாதம் அந்த ஊரில் எனக்குத் திண்ணையில் உட்காரக்கூட இடம் கிடைக்காது. குடிக்கத் தண்ணி கேட்டால்கூட ஜன்னல் வழியாகத்தான் பதில் வரும். அதனால் உங்கள் அம்மா மீன்கார ஆயாவை வேண்டாம் என்று அனுப்பினதைப் படிக்கும்போது கஷ்டமாக இருந்தது.

ஊர் ஊராகப் போகிற வியாபாரி எல்லோருக்கும் ஒரு பாதை இருக்கும். எனக்குப் புதன்கிழமை என்றால் கோட்டூர் பக்கம். போன தடவை யார் வீட்டில் கொடுத்தேன் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவேன், அங்கே போய் விசாரிக்கலாம். பாதி ஊர் என்னிடம் தவணைக்குத்தான் வாங்குகிறது. பாக்கி வாங்கவாவது நான் திரும்ப அந்தத் தெருவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சாயம் போனால் என் முகத்தில் தூக்கி எறிவார்கள், எறிந்தும் இருக்கிறார்கள், மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். புது ஆள் யார் வந்தாலும் "பாதிக் காசு இப்போ வாங்கிக்க, மீதியை அடுத்த தடவை வரும்போது தரேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். தொழில் பண்ண வந்தவன் கொஞ்சம் யோசிப்பான், வீட்டைப் பார்ப்பான், பக்கத்து வீட்டில் கேட்பான், சரி என்பான். திரும்ப வராதவனால் அதைச் சொல்லவே முடியாது.

துணி வாங்கும்போது மடிப்போடு வாங்கக் கூடாது. டபுள் பெட்ஷீட் என்று சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்புக்குக்கூட எட்டாத துண்டைக் கொடுக்கிறவர்கள் உண்டு. மேலே இருப்பது நல்லதாக இருக்கும், உள்ளே மடித்ததில் ஒட்டுத் தையல் இருக்கும். எங்களை மாதிரி ஆட்கள் நீங்கள் கேட்காமலே நாலு மூலையையும் விரித்துத்தான் காட்டுவோம். விரிக்கத் தயங்கினால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

---

தென்னந்தோப்பு எழுதியது:

உரைகல் ஐயா சொன்ன 'நாம் சொல்கிற நேரத்தில் சோதிப்பது' என்பது சில பொருளுக்கு நடக்காது. பட்டுக்கோட்டைக்காரனாக ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் தோப்பே இல்லாமல் போனது. அதற்கப்புறம் ரோட்டோரம் லாரி லாரியாகத் தென்னங்கன்று வந்து இறங்கியது. எல்லாமே "நெட்டை குட்டை கலப்பு, ரெண்டே வருஷத்தில் பாளை விடும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். கன்றாக இருக்கும்போது எங்களை மாதிரி ஆட்களால் அது கலப்பா, நாட்டு நெட்டையா என்று சொல்ல முடியாது. ஏமாந்தது தெரியவே நாலைந்து வருஷம் ஆகும், அதற்குள் லாரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ. என் சித்தப்பா தோப்பில் இன்றைக்கும் பாளை விடாத மரங்கள் நிற்கின்றன, தண்ணியும் எருவும் மட்டும் குடித்துக்கொண்டு.

கன்று நன்றாக வளருமா என்பதை வேண்டுமானால் பார்க்கலாம். ஒரு வயதுக் கன்றில் ஆறு இலைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கழுத்துச் சுற்றளவு பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இலை சீக்கிரம் பிரிந்திருக்க வேண்டும். ரகம் என்ன என்பதற்கு விற்கிறவர் வார்த்தைதான் ஆதாரம். அப்படிப்பட்ட பொருளை முகவரி இல்லாத ஆளிடம் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. வேப்பங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

---

குடமுருட்டிக் கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உரைகல் ஐயா, நீங்கள் எழுதியதை அண்ணனுக்கு அனுப்பினேன். இரவே அம்மாவிடம் பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை, அம்மா மறுநாள் காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டதாகப் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்.

சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் காவல் நிலையத்துக்குப் போனோம். "சின்னத் தொகைக்கு ஏம்மா அலையறீங்க" என்றுதான் முதலில் கேட்டார்கள். எல்லோருடைய தொகையையும் கூட்டி மனுவின் கடைசியில் எழுதியிருந்தோம், அதைப் பார்த்த பிறகு உட்காரச் சொன்னார்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். பற்றிக் கேட்டதும் விசாரித்துவிட்டுப் பதிவதாகச் சொல்லி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். ஐயா சொன்ன மாதிரியே மேலத்தெரு அக்கா ஒருவர் செல்போனில் அனுப்பியிருந்தார். வீட்டில் திட்டுவார்கள் என்று அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. 1930க்குப் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டோம், அதையும் மனுவோடு சேர்த்தாயிற்று.

அங்கே அதிகம் பேசியது அம்மாதான். மைக்கில் பேசியவன் கொங்குப் பக்கத்துப் பேச்சு, பணம் வாங்கிய பையனுக்கு இடது கட்டைவிரலில் நகம் இல்லை, டோக்கன் புத்தகத்தில் முதல் பாதி ஏற்கெனவே கிழிந்திருந்தது, அதனால் எங்களுக்கு முன்னால் வேறு ஊரில் வசூல் பண்ணியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுத்தர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அந்தக் கிழிந்த பாதியில் இருக்கிறவர்களைத்தான் இப்போது தேடுகிறோம். மஞ்சள் அட்டைப் பெட்டி, மேலே மயில் படம், ரோஸ் நிற டோக்கனில் கையால் எழுதிய எண். நீடாமங்கலம், குடவாசல், அம்மாபேட்டை, கபிஸ்தலம் பக்கத்தில் யார் வீட்டிலாவது இந்தப் பெட்டி இருந்தால் இந்த இழையிலேயே ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள். நாங்கள் மனுவின் நகல் அனுப்புகிறோம், உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அதை வைத்தே கொடுக்கலாம்.